தாழ்மை வசனம் யாருக்கு எழுதப்பட்டது?

தங்கச்சி, உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். மற்றவர்களும் இதைப் பார்ப்பார்கள் என்பதால் முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிளிநொச்சிப் பக்கம் ஒரு கிராமத்தில் மாமியோடு ஒரே வளவில் இருக்கிறீர்கள். முன்பள்ளி ஒன்றில் படிப்பிக்கிறீர்கள். சின்னச் சம்பளம்தான், ஆனால் உங்களுக்குப் பிடித்த வேலை. மாமி அதை விடச் சொல்கிறார். ஒரு நாள் கதை முற்றி, சொல்லக்கூடாத ஒரு சொல்லைச் சொல்லிவிட்டீர்கள். இரண்டு கிழமையாகப் பேச்சு இல்லை. வீட்டு ஜெபத்துக்கு வந்த பெரியவர் ஒருவர் பிலிப்பியர் இரண்டாம் அதிகாரத்தை வாசித்து, "மன்னிப்புக் கேட்டு, வேலையையும் விட்டுவிடு, அதுதான் தாழ்மை, அதுதான் கீழ்ப்படிதல்" என்று முடித்துவிட்டார். தாழ்மை, கீழ்ப்படிதல் பற்றிய வசனங்களை ஒரு சாதாரண நாளில் எப்படிக் கைக்கொள்வது, அந்தப் பெரியவர் சொன்னது சரிதானா என்று கேட்கிறீர்கள்.

பாதி சரி. மன்னிப்புக் கேளுங்கள். வேலையை விடுவது வேறு கதை. இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டதுதான் பிழை.

நான் குருவானவர் இல்லை. ஓய்வுபெற்ற வாத்தியார். குருவானவர் வர முடியாத ஞாயிறுகளில் பிரசங்கபீடத்தில் ஏறுகிறவன். ஆகவே வாத்தியார் புத்திப்படி சொல்லிலிருந்தே தொடங்குகிறேன்.

"இஸ்ரவேலே, கேள்" என்று உபாகமம் ஆறாம் அதிகாரத்தில் வருகிறதல்லவா? அந்தக் "கேள்" எபிரெயத்தில் "ஷெமா". பழைய ஏற்பாட்டு எபிரெயத்தில் கீழ்ப்படிவதற்கென்று தனியாக ஒரு சொல் இல்லை. காதால் கேட்பதும் சொன்னபடி செய்வதும் இந்த ஒரு சொல்லுக்குள்தான். வேறு மொழிக்காரருக்கு இதை விளக்கப் பக்கம் பக்கமாக எழுத வேண்டும். நமக்கு வேண்டாம். "இந்தப் பெடியன் சொல்லுக் கேக்கிறானில்லை" என்று ஒரு தாய் முறையிட்டால், அவனுக்குக் காது கேட்கவில்லை என்று ஒருவரும் விளங்கிக்கொள்வதில்லை. தமிழிலே "கேள்" இன்னும் ஒரு படி மேலே போகிறது. விசாரிப்பதும் அதே சொல்தான். கேட்டு, விளங்காததைத் திருப்பிக் கேட்டு, அதன்பிறகு கேட்டு நடப்பது. தீர்க்கதரிசி சாமுவேல் சவுல் ராஜாவுக்குச் சொன்னதையும் பாருங்கள்: "பலியைப்பார்க்கிலும் கீழ்ப்படிதலும், ஆட்டுக்கடாக்களின் நிணத்தைப்பார்க்கிலும் செவிகொடுத்தலும் உத்தமம்." கீழ்ப்படிதலும் செவிகொடுத்தலும் ஒரே மூச்சில் வருகின்றன. புதிய ஏற்பாட்டுக் கிரேக்கச் சொல்லும் அப்படித்தான்: "கீழே" என்ற முன்னொட்டும் "கேட்டல்" என்ற வினையும் சேர்ந்தது. வாயை மூடிக்கொண்டு தலையாட்டுவது இந்தச் சொல்லுக்குள் எங்குமே இல்லை.

மோசேயைப் பாருங்கள். "பூமியிலுள்ள சகல மனிதரிலும் மிகுந்த சாந்தகுணமுள்ளவன்" என்று எண்ணாகமம் 12இல் பேர் வாங்கிய மனிதர் அவர். அந்தச் சாந்தகுணத்தோடுதான் பார்வோன் முன்னால் போய் நின்றார். ஜனங்களுக்கு நியாயம் தீர்த்துக் காலையிலிருந்து மாலை வரை களைத்துப் போனபோது, அவருடைய மாமனார் எத்திரோ வந்து, "நீ செய்வது நல்லதல்ல, வேலையைப் பிரித்துக் கொடு" என்கிறார். எத்திரோ மீதியான் தேசத்து ஆசாரியன், இஸ்ரவேலன்கூட இல்லை. யாத்திராகமம் 18இல் "மோசே தன் மாமன் சொல்கேட்டு, அவன் சொன்னபடியெல்லாம் செய்தான்" என்று இருக்கிறது. கடவுளோடு நேருக்கு நேர் பேசுகிறவருக்கு வெளியாள் ஒருவரின் யோசனை என்னத்துக்கு? ஆனாலும் கேட்டார், ஏனென்றால் சொன்னது சரியாக இருந்தது. வன்னியில் மாமனார் சொல்லைக் கேட்டு நடக்கிற மருமகனுக்கு என்ன பேர் வைப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். வேதம் அவனுக்குச் சாந்தகுணமுள்ளவன் என்று பேர் வைக்கிறது.

இனிப் பிலிப்பியர் இரண்டு. அந்தப் பெரியவர் வாசித்த பகுதி. "மனத்தாழ்மையினாலே ஒருவரையொருவர் தங்களிலும் மேன்மையானவர்களாக எண்ணக்கடவீர்கள்." நல்ல வசனம். ஆனால் இது பவுல் யாருக்கு எழுதின கடிதம்? பிலிப்பி ஒரு ரோமக் குடியேற்றம். கிமு 42இல் அங்கே நடந்த பெரும் போருக்குப் பிறகு, ஓய்வுபெற்ற போர்வீரர்களுக்குக் காணி கொடுத்துக் குடியிருத்திய ஊர். குடியேற்றம் என்றால் என்ன, காணி கிடைத்தவன் எப்படி நடப்பான், கிடைக்காதவன் எப்படி நடப்பான் என்று நமக்கு விளக்கம் சொல்லத் தேவையில்லை. பட்டம், பதவி, "நான் ரோமன்" என்ற நிமிர்வு, இதெல்லாம் தெருவில் நடமாடிய ஊர் அது. கிரேக்க உலகத்தில் "தாழ்ந்த" என்ற சொல் பெரும்பாலும் இழிவுச் சொல். அடிமைக்கும் ஈனமானவனுக்கும் ஒட்டுகிற சொல். அதை எடுத்து, நிமிர்ந்து நிற்கிற ஆட்களிடம், "இது உங்களுக்கு அழகு" என்று பவுல் கொடுக்கிறார். கீழே கிடக்கிறவனிடம் "இன்னும் கீழே போ" என்று சொல்வதற்காக எழுதினது இல்லை.

அடுத்த வரிகளில் இயேசுவைப் பற்றி வருவதும் அப்படியே. "தம்மைத்தாமே தாழ்த்தினார்." அந்தத் "தம்மைத்தாமே" என்ற சொல்லை விட்டுவிட்டால் வசனம் முழுக்கத் தலைகீழாகிவிடும். ஒருவர் தன்னைத் தாழ்த்தலாம். இன்னொருவரைத் தாழ்த்தினால் அதற்குப் பேர் வேறு.

யோவான் 13இல் இயேசு சீஷர்களின் கால் கழுவுகிற இடத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சின்ன விஷயம் நெஞ்சில் தைக்கும். இயேசு "சீலையை எடுத்து, அரையிலே கட்டிக்கொண்டார்." எங்கள் பகுதிகளில் ஒரு காலம் தோளில் சால்வை போட எல்லாருக்கும் அனுமதி இல்லை. ஒடுக்கப்பட்ட சாதி என்று வைத்திருந்தவர்கள் "பெரியாக்களின்" வாசலுக்கு வந்தால் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இடுப்பில் கட்ட வேண்டும். என் தகப்பனார் சபையில் மூப்பர். ஞாயிறு காலையில் எல்லாரோடும் ஒரே கிண்ணத்தில் திராட்சரசம் குடிப்பார். திங்கள் காலையில் எங்கள் வயலில் வேலை செய்தவருக்குத் தேத்தண்ணி சிரட்டையில் போகும். அதை நான் என் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். அந்த மனிதர் இடுப்பில் துண்டோடு நின்றதைத் தாழ்மை என்று சொல்லலாமா? அது அவரிடமிருந்து பறித்தது. இயேசு தோளில் போடத் தகுதியுள்ளவராக இருந்தும் துண்டைத் தானே எடுத்து இடுப்பில் கட்டினார். பேதுரு தன் முதல் நிருபத்தில் "மனத்தாழ்மையை அணிந்துகொள்ளுங்கள்" என்று எழுதுகிற இடத்திலும் அணிவதற்கு வரும் கிரேக்கச் சொல், அடிமைகள் வேலைக்கு முன் கட்டிக்கொள்ளும் மேல்துணியோடு தொடர்புள்ளது. பேதுருவுக்கு அந்த இராப்போசன இரவு மறந்திருக்காது.

பிரசங்கங்களில் முற்றின நெற்கதிர் தலைகுனியும் என்ற உதாரணம் அடிக்கடி வரும். நானும் பத்துத் தரம் சொல்லியிருப்பேன். ஆனால் வயல் செய்கிறவருக்குத் தெரியும், மாரி மழையும் காற்றும் அடித்துப் பயிர் சேற்றில் சாய்ந்து கிடப்பதும் தலைகுனிவுதான். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். முதலாவது நெல். இரண்டாவதைச் சரியான நேரத்தில் தூக்கிக் கட்டாவிட்டால் அழுகல்.

சரி, இனி நடைமுறைக்கு வருவோம். நான் பின்பற்றுகிற ஒரு வழி உண்டு: எனக்கு எழுதின வசனத்தை நான் வாசிப்பேன். மற்றவருக்கு எழுதினதை அவர் வாசிக்கட்டும் என்று விடுவேன். எபேசியர் 5, 6ஐ எடுத்துப் பாருங்கள். மனைவிக்கு ஒரு வசனம், புருஷனுக்கு ஒரு வசனம், பிள்ளைக்கு ஒன்று, தகப்பனுக்கு ஒன்று. எங்கள் வீடுகளில் என்ன நடக்கிறது? "பிள்ளைகளே, உங்கள் பெற்றாருக்குக் கீழ்ப்படியுங்கள்" என்பதைத் தகப்பன் மனப்பாடமாகச் சொல்வார். மூன்று வசனம் தள்ளி "பிதாக்களே, நீங்களும் உங்கள் பிள்ளைகளைக் கோபப்படுத்தாமல்" என்று தனக்கு எழுதியிருப்பது அவர் கண்ணில் படாது. மனைவிக்கு எழுதின 22ஆம் வசனத்தைப் புருஷன் வாசிப்பார். தனக்கு எழுதின 25ஆம் வசனத்தை வாசிக்க மாட்டார். கிறிஸ்து சபைக்காகத் தம்மையே ஒப்புக்கொடுத்ததுபோல அன்புகூரச் சொல்கிற வசனம் அது. பாரம் எந்தப் பக்கம் கூட என்று பாருங்கள். இன்னொன்று: மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகள் சிலவற்றில் 22ஆம் வசனத்தில் வினைச்சொல்லே கிடையாது. முந்தின வசனத்து வினையையே அது கடன் வாங்குகிறது. முந்தின வசனம் என்ன? "தெய்வபயத்தோடே ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்." ஒருவருக்கொருவர்! அந்த வாசலால் உள்ளே வராமல் அடுத்த வசனத்துக்குப் போக முடியாது.

உங்கள் விஷயம் மருமகள் மாமி விஷயம். எபேசியரில் மாமிக்கு வசனமே இல்லை. அதற்கு நாம் ரூத்தின் புத்தகத்துக்குப் போக வேண்டும்.

ரூத் நல்ல மருமகள் என்று எல்லாக் கலியாணப் பிரசங்கத்திலும் கேட்டிருப்பீர்கள். அவள் கதை எங்கே தொடங்குகிறது? மாமியின் சொல்லைத் தட்டுகிற இடத்தில். நகோமி "திரும்பிப் போங்கள்" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறாள். மற்ற மருமகள் ஒர்பாள் சொல்லுக் கேட்டு அழுதுகொண்டு திரும்பிப் போகிறாள். ரூத் "என்னோடே பேசவேண்டாம்" என்று சொல்லிவிட்டுக் கூடவே போகிறாள். கீழ்ப்படிதலை வாய்ச்சொல்லால் அளந்தால் ஒர்பாள்தான் நல்ல மருமகள். அன்பால் அளந்தால் ரூத். பெத்லெகேமுக்கு வந்ததும் ரூத் செய்கிற முதல் காரியம் என்ன? வேலைக்குப் போவது. வாற்கோதுமை அறுவடை நடக்கிறது. கதிர் பொறுக்க வயல்வெளிக்குப் போகட்டுமா என்று மாமியிடம் கேட்கிறாள். "என் மகளே, போ" என்கிறாள் நகோமி. கேட்டுவிட்டுப் போகிறாள், போய் வந்து கொண்டுவந்ததைக் காட்டுகிறாள், யாருடைய வயல் என்று சொல்கிறாள். மூன்றாம் அதிகாரத்தில் மாமி ஒரு யோசனை சொல்லும்போது, "நீர் எனக்குச் சொன்னபடியெல்லாம் செய்வேன்" என்கிறாள். முதலாம் அதிகாரத்தில் மறுத்த அதே வாய்தான்.

புருஷனை இழந்து, ஊர் விட்டு ஊர் வந்து, மாமியும் மருமகளும் தனியே ஒரு அடுப்பு மூட்டிய வீடுகள் 2009க்குப் பிறகு வன்னியில் எத்தனை என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? செட்டிகுளம் முகாம்களிலிருந்து திரும்பி வந்து, தகரக் கொட்டிலில் தொடங்கி, கச்சான் விற்றும் கூலிக்குப் போயும் குடும்பத்தைத் தூக்கி நிறுத்திய பெண்களில் பாதிப் பேர் ரூத்துகள், மற்றப் பாதி நகோமிகள். உங்கள் மாமி எந்தப் பாதி என்று எனக்குத் தெரியாது. ஆனால் மருமகள் வேலைக்குப் போவதை ஒரு மாமி எதிர்த்தால், அதற்குப் பின்னால் வேலையைத் தவிர வேறு ஏதோ இருக்கும். பகல் முழுக்கத் தனிமையாக இருக்கலாம். பேரப்பிள்ளையைப் பார்க்க உடம்பு இடங்கொடுக்காமல் இருக்கலாம். ஊர்க் கதையாக இருக்கலாம். நீங்கள் கேட்டுப் பார்த்தீர்களா? நான் சொல்லும் "கேள்" இதுதான். வேலையை விடுவதற்கு முன்னாலும் கேட்க வேண்டும், விடாமல் இருப்பதற்கு முன்னாலும் கேட்க வேண்டும்.

கேளாமல் நடந்து நான் பட்டதையும் சொல்கிறேன். பல வருடத்துக்கு முந்தின சிறுபோகம். இரண்டு ஏக்கர், நாலு புசல் விதைநெல். ஊறப்போட்டு முளை கட்டி, சேற்று விதைப்புக்கு ஆயத்தம். எங்களோடு வேலை செய்த ஐயா, சிரட்டையில் தேத்தண்ணி குடித்த அதே மனிதரின் மகன், வானத்தைப் பார்த்துவிட்டு, "சேர், இண்டைக்கு எறிய வேண்டாம், இரவைக்குக் கொட்டப் போகுது" என்றார். அவர் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். நான் பட்டதாரி ஆசிரியர். "வானொலியில் அப்படிச் சொல்லவில்லை" என்றேன். விதைத்தேன். இரவு பதினொரு மணிக்குத் தொடங்கிய மழை விடியும்வரை விடவில்லை. காலையில் போய்ப் பார்த்தால் வயல் குளமாகக் கிடக்கிறது. முளை நெல் எல்லாம் கிழக்கு மூலை வரம்பில் ஒதுங்கிக் கிடக்கிறது, கோவில் வாசலில் செருப்பு ஒதுங்குகிற மாதிரி.

அந்தக் கிழமை வேதபாடத்துக்கு எனக்கு வந்த பகுதி நாகமான் கதை என்றால் நம்புவீர்களா? இரண்டு இராஜாக்கள் ஐந்தாம் அதிகாரம். சீரியாவின் படைத்தலைவன், குஷ்டரோகி. அவன் வீட்டில் வேலை செய்த சிறைபிடித்த சிறுபெண் வழி சொல்கிறாள். தீர்க்கதரிசி எலிசா வெளியே வரக்கூட இல்லை. "யோர்தானில் ஏழுதரம் முழுகு" என்று ஆள் மூலம் சொல்லி அனுப்புகிறார். நாகமானுக்குக் கோபம். தமஸ்குவின் நதிகளான ஆப்னாவும் பர்பாரும் இந்தத் தண்ணீரைவிட நல்லதல்லவா என்று திரும்பிப் போகிறான். அவனுடைய ஊழியக்காரர்தான் கிட்ட வந்து, "தகப்பனே, பெரிய காரியம் ஒன்றைச் செய்யச் சொல்லியிருந்தால் செய்திருப்பீரல்லவா?" என்று புத்தி சொல்கிறார்கள். அந்த அதிகாரம் முழுக்கப் பாருங்கள், சரியான சொல் ஒவ்வொரு தரமும் கீழேயிருந்துதான் வருகிறது. சிறுமியிடமிருந்து, வேலையாட்களிடமிருந்து. படைத்தலைவனின் குஷ்டம் தண்ணீரில் தீர்ந்ததாக எழுதியிருக்கிறது. அவன் கீழே இருக்கிறவர்களின் சொல்லைக் கேட்ட நேரத்திலேயே பாதி தீர்ந்துவிட்டது என்பது என் எண்ணம்.

எனக்குக் கஷ்டமாக இருந்தது நாலு புசல் நெல் போனது இல்லை. திரும்ப விதைக்க அந்த ஐயாவின் வீட்டுக்குப் போய், "நீங்கள் சொன்னது சரி, நான்தான் பிழை" என்று சொன்னதுதான். சைக்கிளில் இரண்டு தரம் அவர் வீட்டைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தேன். மூன்றாம் தரம்தான் இறங்கினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மனைவியைக் கூப்பிட்டு எனக்குத் தேத்தண்ணி கொடுக்கச் சொன்னார். நல்ல கண்ணாடிக் கிளாசில்.

ஆகவே யார் சொல்லைக் கேட்பது என்று வரும்போது, மேலே இருக்கிறவர் சொல் தானாகவே காதில் விழும், அதற்குப் பெரிய ஆவிக்குரிய முயற்சி தேவையில்லை. கீழே இருக்கிறவர் சொல்லைக் கேட்பதற்குத்தான் தாழ்மை வேண்டும். முன்பள்ளியில் நாலு வயதுப் பிள்ளை "ரீச்சர், நீங்கள் நேற்று வேற மாதிரிச் சொன்னீங்கள்" என்றால் என்ன செய்கிறீர்கள் என்பதும் இதற்குள் அடங்கும்.

மற்ற இடங்களை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். வேலி அடைக்கும்போது கதியாலை ஒரு சாண் தள்ளி நடாமல் இருப்பது. நீதிமொழிகள் 22இல் "பூர்வ எல்லைக்குறியை மாற்றாதே" என்று நேராகவே இருக்கிறது, வியாக்கியானம் தேவையில்லை. சிறுபோகத்தில் குளத்து நீர்மட்டத்தைப் பார்த்துத்தான் எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று கூட்டத்தில் முடிவெடுக்கிறார்கள். அந்த முடிவை மீறி ஒரு துண்டு கூட விதைத்துவிட்டு, இரவில் போய் மடையைத் திறக்கிறவர் ஞாயிறு அன்று முழங்காலில் நிற்கலாம், ஆனால் வாய்க்காலின் கடைக்கோடியில் வயல் வைத்திருக்கிறவரின் பயிர் அவரைப் பற்றி வேறு கதை சொல்லும். பெரிய வியாழனில் கால் கழுவுகிற சடங்குக்கு வருகிறவர்கள் முதல் நாளே தேய்த்துக் கழுவி, நகம் வெட்டி வருகிறார்கள். அது சடங்கு, அதில் குறை சொல்லவில்லை. ஆனால் திருநாள் சமையல் முடிந்து கிடாரம் கழுவ ஆள் தேடும்போது, முன் வரிசைக் கதிரையில் மாலையோடு இருந்தவர்கள் எங்கே போகிறார்கள் என்று நான் பல வருடமாகக் கவனித்து வருகிறேன். லூக்கா 14இல் பந்தியில் முதன்மையான இடத்தைத் தெரிந்துகொள்ளாதே என்று இயேசு சொன்னது இன்றைக்கு எங்கள் விழாக் கதிரைகளுக்கும் பொருந்தும்.

தாழ்மையைக் காட்டிக்கொள்ளும் பழக்கமும் ஒன்று உண்டு. மைக்கைப் பிடித்து, "நான் ஒன்றுமில்லாதவன், தூசி, அற்பன்" என்று பத்து நிமிடம் தன்னைப் பற்றியே பேசுவது. கொலோசெயர் இரண்டாம் அதிகாரத்தில் பவுல் இதைத் தொடுகிறார். பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் ஒரு இடத்தில் "கட்டாயமான தாழ்மை" என்றும் இன்னொரு இடத்தில் "மாயமான தாழ்மை" என்றும் வருகிறது. இரண்டும் நல்ல சொற்கள், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மேடையில் நடப்பது மாயமான தாழ்மை. வேலையை விடு என்று உங்கள்மேல் போட்டது கட்டாயமான தாழ்மை.

எப்போது கீழ்ப்படியக் கூடாது என்பதையும் சொல்லாவிட்டால் இந்தப் பதில் ஆபத்தானது. எபிரெய ஆண் குழந்தைகளைக் கொல்லச் சொன்னான் பார்வோன். சிப்பிராள், பூவாள் என்ற இரண்டு மருத்துவச்சிகள் செய்யவில்லை. அவர்கள் பேரை வேதம் எழுதி வைத்திருக்கிறது, அந்தப் பார்வோனின் பேரை எழுதவில்லை. அப்போஸ்தலர் 5இல் பேதுருவும் மற்றவர்களும் "மனுஷருக்குக் கீழ்ப்படிகிறதைப்பார்க்கிலும் தேவனுக்குக் கீழ்ப்படிகிறதே அவசியம்" என்று ஆலோசனைச் சங்கத்தின் முகத்துக்கு நேரே சொன்னார்கள். லூக்கா 18ஐ வாசிக்கும்போது இன்னொன்றைக் கவனியுங்கள். ஆலயத்தில் மார்பில் அடித்துக்கொண்டு நின்ற ஆயக்காரனின் (வரி வாங்குகிறவனின்) கதை, "தன்னைத் தாழ்த்துகிறவன் உயர்த்தப்படுவான்" என்று முடிகிற கதை, அங்கேதான் இருக்கிறது. அதற்குச் சரியாக முன்னால் லூக்கா வைத்திருப்பது ஒரு விதவையின் கதை. நியாயாதிபதியின் வாசலை விடாமல், "எனக்கு நியாயஞ்செய்யவேண்டும்" என்று திரும்பத் திரும்பப் போய் நின்ற பெண். 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்னால் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு அமர்ந்த தாய்மாரை நினைக்கும்போது எனக்கு அந்த அதிகாரம்தான் ஞாபகத்துக்கு வரும். "ஆண்டவர் பார்த்துக்கொள்வார், சும்மா இருங்கோ" என்று அவர்களுக்குப் புத்தி சொன்னவர்கள் கிறிஸ்தவர்களிலும் உண்டு. முதல் எட்டு வசனத்தைத் தாண்டி ஒன்பதாம் வசனத்திலிருந்து வாசிக்கிறவர்கள் அவர்கள்.

வீட்டுக்குள் அடி, உதை, பட்டினி போடுதல் இருந்தால் அங்கே கீழ்ப்படிதல் வசனம் எதுவும் பொருந்தாது. நீங்கள் அப்படி ஒன்றும் எழுதவில்லை, ஆனால் வாசிக்கிற வேறு யாருக்காவது தேவைப்படலாம். இலங்கையில் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது, அதன்படி நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பெண்களுக்கான உதவி இலக்கமான 1938க்கு அழைக்கலாம். பிரதேச செயலகத்தில் பெண்கள் விடயத்துக்குப் பொறுப்பான உத்தியோகத்தரிடம் போகலாம். ஜெபம் செய்துகொண்டே போகலாம்.

இனி உங்கள் மாமி. சொல்லக்கூடாத சொல்லைச் சொன்னது நீங்கள், அதற்குரிய வசனம் உங்களுக்குத்தான். இரண்டு கிழமை என்பது நீண்ட காலம். பவுல் பிலிப்பியர் நாலில் சண்டை பிடித்த இரண்டு பெண்களுக்கு எழுதும்போது, "எயோதியாளுக்கும் புத்திசொல்லுகிறேன், சிந்திகேயாளுக்கும் புத்திசொல்லுகிறேன்" என்று ஆளுக்கொரு வினைச்சொல் போட்டு எழுதுகிறார். யார் முதலில் தொடங்கினது என்று விசாரிக்கவில்லை. நீங்களும் விசாரிக்க வேண்டாம். பின்னேரத்தில் வெயில் தாழ, அவர் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டோ கீரை ஆய்ந்துகொண்டோ இருக்கும் நேரம் பார்த்துப் போங்கள். நின்றுகொண்டு சொல்ல வேண்டாம், பக்கத்தில் இருந்து நீங்களும் இரண்டு கீரை ஆயுங்கள். "மாமி, அண்டைக்கு நான் சொன்ன சொல் பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ." அவ்வளவுதான். "ஆனால்" என்ற சொல் நாக்கு நுனிக்கு வரும், அதை விழுங்கிவிடுங்கள். அவர் பதில் சொல்லாமல் எழுந்து போனாலும் போகட்டும், மற்றக் கீரையையும் ஆய்ந்து வைத்துவிட்டு வாருங்கள்.

வேலைக் கதையை அன்றைக்கு எடுக்க வேண்டாம். அதற்கு இன்னொரு நாள், உங்கள் அவரும் வீட்டில் இருக்கும் நேரமாகப் பாருங்கள். நீங்கள் பேசுவதற்கு முன் மாமியிடம் கேளுங்கள், நான் போனால் உங்களுக்கு எது கஷ்டம் என்று. அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். சில வேளை அரை மணித்தியாலம் முந்தி வீட்டுக்கு வந்தால் தீர்கிற பிரச்சினையாக இருக்கும். இல்லாமலும் இருக்கலாம், அப்போது உங்கள் பக்கத்தைச் சொல்லுங்கள், ரூத் சொன்ன மாதிரி நேராக.

திங்கட்கிழமை வழமைபோல முன்பள்ளிக்குப் போங்கள். பிள்ளைகள் வருவார்கள்.